வைரக்கண்ணு கூப்பிடு தூரம்

செங்கழுநீர்மங்கலத்தில் வழி கேட்டவனிடம் 'தெரியாது' என்று யாரும் சொன்னதில்லை. சொன்னதாக யாராவது சாதித்தால் அவர் வேறு ஊர்க்காரராக இருப்பார். வெயிலில் வேர்த்து வந்து நிற்கிறவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது எப்படியோ அப்படித்தான் அந்த ஊரில் 'தோ, பக்கந்தான்' என்று சொல்வதும். தஞ்சாவூர் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் பக்கந்தான், காசி எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் ஒரு எட்டுதான், நடக்கவே முடியாமல் நொண்டி வருகிறவன் கேட்டால் அவன் முகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். சிவன் கோயில் தெற்குச் சுவரில் ராஜா காலத்து அளவுகோல் ஒன்று நீளமாகச் செதுக்கியிருக்கிறது, அதைப் பார்க்க வெளியூரிலிருந்து படித்தவர்கள் வருவார்கள். ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் வாயாலேயே அளப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் போன ஏதோ ஒரு ராஜாதான் அதைச் செதுக்க வைத்திருக்க வேண்டும்.

அந்த ஊருக்கு வாய்க்கால் லஸ்கர் வைரக்கண்ணு. மதகுகளின் பலகையை ஏற்றி இறக்குவதும், கரையில் நண்டு வளை விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பதும்தான் லஸ்கர் வேலை. ஊருக்கு மேற்கே மூன்றரை மைலில் ஏழாம் மதகு, அதன் பக்கத்தில் ஓட்டுக் கொட்டகை, பகலெல்லாம் அதுதான் அவர் இருப்பிடம், வீடு ஊருக்குள். ஆள் ஒல்லி, குரல் மட்டும் வேறு யாருக்கோ செய்து வைத்து மாற்றிக் கொடுத்துவிட்டது போல இருக்கும். போன் வராத காலத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவர் வாயருகே இரண்டு கையையும் குவித்து 'விட்டாச்சேய்!' என்று ஒரு கூப்பாடு போட்டால், இரண்டு மைல் தள்ளி எட்டாம் மதகில் இருக்கிற லஸ்கர் சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடிப் பலகையை ஏற்றுவான். அவருடைய கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் அசந்திருந்த நேரத்தில் மாப்பிள்ளையே 'கெட்டி மேளம்' என்று குரல் கொடுத்ததில், அன்றைக்கு முகூர்த்தம் நடந்த சுற்றுவட்டாரத்து மூன்று ஊர்களிலும் மேளம் கொட்டிவிட்டார்கள், அதில் ஒரு ஊரில் பெண் இன்னும் மணமேடைக்கே வரவில்லை. அந்தத் தம்பதி இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் திருச்சியிலிருந்து சைக்கிள்காரர்கள் வருவார்கள். தடித்த டயர், வளைந்த ஹேண்டில்பார், தலையில் பூசணிக்காய்ப் பத்தை போல ஒரு ஹெல்மெட், முட்டிக்கு மேலே நின்றுவிட்ட கால்சட்டை. நல்ல தார் ரோடு இருக்கும்போது அதை விட்டுவிட்டு, சரளையும் செம்மண்ணும் போட்ட வாய்க்கால் கரை வழியாகவே கல்லணையிலிருந்து ஊர் ஊராகப் பழைய கோயில்களையும் இடிந்த சத்திரங்களையும் பார்த்துக்கொண்டு போவதில் அவர்களுக்கு என்னவோ ஒரு சுகம். வழியெல்லாம் போனில் வரைந்து வைத்திருப்பார்கள். ஏழாம் மதகுக்கு வந்ததும் போனில் கோடு நின்றுவிடும், சிக்னல் அதோடு சரி. அப்புறம் வைரக்கண்ணுதான்.

ஓர் ஆடி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பது மணி வாக்கில், வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுரையும் குப்பையுமாக ஓடிக்கொண்டிருந்தபோது, தனியாக ஒருவர் வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். பெயர் ஜெயசீலன், திருச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடை, நாற்பது வயது இருக்கும்.

"ஐயா, செங்கழுநீர்மங்கலம் இன்னும் எவ்வளவு தூரம்?"

வைரக்கண்ணு அவர் முகத்தைப் பார்த்தார். மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றரை மைல் என்று அந்த முகத்துக்கு எப்படிச் சொல்வது?

"தோ, கூப்பிடு தூரந்தான் சார்."

"தேங்க்ஸ்ங்க. பத்தரைக்குள்ள வீட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். கோயிலை ஒரு பார்வை பாத்துட்டு, அங்கிருந்து ஒரு வண்டி புடிச்சா சரியா இருக்கும்."

காலைத் தூக்கி மிதியில் வைத்து அவர் போனார். சரளைக்கல் மேல் டயர் நறநறவென்று வறுகடலை மெல்லுகிற சத்தத்தோடு போனது. அதோடு வைரக்கண்ணு அவரை மறந்துவிட்டுப் பலகைக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்தவர், டீக்கடை வாசலில் ஊரே கிழக்கே முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நிற்பதைப் பார்த்தார். ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி இருக்கிற சத்திரத்து வளைவு வரை வாய்க்கால் கரை நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். அந்த நேர்க்கோட்டின் கோடியில், இடிந்த சத்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி. புள்ளிக்கு மேலே ஒரு பூசணிக்காய்ப் பத்தை.

"காலையிலேருந்து வந்துக்கிட்டே இருக்காருய்யா" என்றார் டீக்கடை உப்பிலி. "மிதிக்கிறது தெரியுது, சக்கரம் சுத்துறது தெரியுது, வந்து சேரலை. ரெண்டு டீ போட்டு ஆற வெச்சு நானே குடிச்சிட்டேன்."

"நான் இப்ப அந்த வழியாத்தான வர்றேன். யாரும் இல்லையே?"

"இல்லைதான். நாங்களும் போய்ப் பாத்தோம். அந்த எடத்துல டயர் தடம் இருக்கு, ஆளு இல்லை. இங்க திரும்பி வந்து பாத்தா ஆளு இருக்கு."

வைரக்கண்ணு கையைக் குவித்தார். "சாஆஆர்! என்ன ஆச்சு!" என்று போட்ட கூப்பாட்டில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் எழும்பி ஒரு சுற்று வந்து உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் மேலே வழுக்கிக்கொண்டு, கொசுவின் ரீங்காரம் போல, சந்தோஷமான ஒரு குரல் வந்து சேர்ந்தது.

"இதோ வந்துட்டேங்க!"

அன்றைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினார், ஜெயசீலனின் மனைவி ஹெலன், கையில் மூடி போட்ட ஒரு டிபன் பாக்ஸ். கணவர் எங்கே என்று கேட்டதற்கு ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "தோ, பக்கந்தாம்மா, வந்துக்கிட்டே இருக்காரு" என்று கை காட்டினார்கள். அன்றைக்கு அது பொய்யும் இல்லை.

ஹெலன் கத்திப் பார்த்தார். அவர் குரல் கரையோரப் புளியமரங்கள் வரைகூடப் போகவில்லை. ஊரில் யார் கத்தினாலும் போய்ச் சேரவில்லை, வைரக்கண்ணு குரலுக்கு மட்டும்தான் அங்கிருந்து பதில் வந்தது. அதனால் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள வேண்டியதையெல்லாம் வைரக்கண்ணுதான் இரண்டு மைலுக்குக் கேட்கும்படி பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, கடைச் சாவி எங்க வெச்சாருன்னு கேளுங்கண்ணே."

"கடைச் சாவி எங்கன்னு கேக்குறாங்கோஓஓ!"

"ஃபிரிட்ஜ் மேலே!"

"அண்ணே, சனிக்கிழமை காலையில வெச்ச சட்னி ஊசிப்போச்சு, இட்லியும் ஊசிப்போச்சு, எப்பதான் வருவீங்கன்னு கேளுங்க."

அதையும் வைரக்கண்ணு ஊர் அதிரக் கேட்டார். அப்புறம் அந்தச் சின்னக் குரல், ஆச்சரியத்தோடு:

"அதுக்குள்ளயா?"

அப்போதுதான் ஹெலனுக்குப் புரிந்தது, அவருக்கு அங்கே இன்னும் அதே சனிக்கிழமைதான், ஒன்பது மணி தாண்டிக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது என்பது. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஊரின் மேற்குக் கோடி எல்லைக்கல் மேல் உட்கார்ந்தார். அழவில்லை. அழுதால் அதையும் வைரக்கண்ணுதான் கத்திச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஊருக்கு ஜெயசீலன் பழகிப்போனார். முதல் வாரம் வேடிக்கை, இரண்டாம் வாரம் கவலை, மூன்றாம் வாரத்திலிருந்து அவர் வாய்க்கால் மாதிரி, கோபுரம் மாதிரி இருக்கிற ஒன்று ஆகிவிட்டார். 'வர்றவர்' என்று பெயர் வந்தது. 'வர்றவர் தலைக்கு நேரா சூரியன் எறங்கிடுச்சு, மாட்டை ஓட்டு' என்றார்கள். நாள் கடத்துகிற மாப்பிள்ளை வீட்டாரை 'வர்றவர் பரம்பரை' என்றார்கள். அம்மன் புறப்பாட்டில் சப்பரத்தை மேற்குக் கோடியில் ஒரு நிமிஷம் நிறுத்தி, அவர் பக்கம் ஒரு தீபாராதனை காட்டிவிட்டுப் போவது வழக்கமாயிற்று, அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர் என்று ஹெலன் சொன்னபோது, 'வந்துட்டுப் போவட்டும்மா, இப்ப என்ன' என்று பூசாரி பெருந்தன்மையாக விட்டுவிட்டார். மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, கரையைச் சங்கிலி போட்டு அளந்து, 'கரை நல்ல நிலையில் உள்ளது; நபர் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மற்ற சைக்கிள்காரர்கள் எப்போதும்போல வந்தார்கள், அதே கரையில் வந்து சுகமாக ஊருக்குள் நுழைந்தார்கள், வழியில் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள்; டீ குடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்து, புள்ளியைக் கண்டு, கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஹெலன் கடையை வாரத்தில் மூன்று நாள் மூடிவிட்டு ஊருக்கு வந்துவிடுவார். சும்மா உட்கார்ந்திருக்கிற கைக்கு வேலை வேண்டுமே என்று கண் பரிசோதனை அட்டையை எல்லைக்கல் மேல் சாய்த்து வைத்தார். ஆறு மாதத்தில் ஊரில் அறுபது பேருக்குக் கண்ணாடி. போட்டுக்கொண்டதும் எல்லாரும் முதலில் மேற்கே பார்த்தார்கள்.

"அம்மாடி! சட்டை மஞ்சளா! இத்தனை நாளா வெள்ளைன்னுல்ல நெனச்சேன்" என்றாள் வைரக்கண்ணுவின் மனைவி செங்கமலம்.

எல்லாருக்கும் பழகியது வைரக்கண்ணுவுக்கு மட்டும் பழகவில்லை. சோற்றில் கை வைத்தால் மூக்கு நுனியில் தொங்கிய அந்த வேர்வைத் துளி ஞாபகம் வரும். ஒரு வார்த்தை. தண்ணீர் கொடுப்பது போலத்தான் கொடுத்தார். ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை, ஆயிரம் பேரும் வந்து சேர்ந்தார்கள், இவருக்கு மட்டும் அது ஏன் பலித்துத் தொலைத்தது?

விஷயம் பிடிபட்டது மார்கழியில். பனியில் வைரக்கண்ணுவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, நாலு நாள் குரல் கம்மிக் கிடந்தது. அந்த நாலு நாளும் வர்றவர் சத்திரத்தை விட்டு முன்னால் வந்து புளியமர வரிசைக்குப் பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். தொண்டை சரியானதும் மறுபடி சத்திரத்துக்கே போய்விட்டார். உப்பிலி டீ ஆற்றுகிற கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

"யோவ் லஸ்கரு. கூப்பிடு தூரம்னுதான சொன்ன?"

"ஆமா."

"யாரு கூப்பிடுற தூரம்?"

ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நூறு கெஜத்தோடு போயிருக்கும். இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு இவர் சொல்லலாமா?

அன்றிலிருந்து ஊர் முழுக்க அந்தத் தொண்டையைக் கெடுக்கிற வேலையில் அன்போடு இறங்கியது. விடிந்ததும் ஐஸ் போட்ட மோர், பத்து மணிக்கு மாங்காயும் மிளகாய்த்தூளும், சாயங்காலம் எண்ணெய்ப் பலகாரம் தின்ற வாயோடு பச்சைத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே கத்த வைப்பார்கள். எள் விலை, எலெக்‌ஷன் நிலவரம், உப்பிலி மகள் பெரியவளானது என்று ஊரில் நடந்ததையெல்லாம் வர்றவருக்குக் கத்திச் சொல்ல வைப்பார்கள். ராத்திரி சாப்பாட்டோடு செங்கமலம் யாருக்கும் தெரியாமல் மிளகும் மஞ்சளும் போட்ட பாலைக் கொடுப்பாள். மறுநாள் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேற்கே பார்க்கிற ஊருக்கு அது தெரிந்துபோகும்.

"ஏ செங்கமலம்! நேத்து மிளகுப்பாலா? நாப்பது கெஜம் பின்னால போயிட்டாரு பாரு!"

"எம் புருஷன் தொண்டை, எம் பாலு, ஒங்களுக்கு என்னாங்குறேன்?" என்பாள் அவள். ஆனால் எல்லைக்கல் பக்கம் ஹெலன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குரல் தணிந்துவிடும். அன்றைக்குப் பாலில் மிளகு இருக்காது. அடுத்த நாள் இருக்கும்.

இப்படி ஒரு வருஷம் போய் இரண்டாவதும் போனது. புளியமரம் தாண்டி, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு தாண்டி, வர்றவர் முழம் முழமாக வந்தார். மஞ்சள் சட்டையில் எழுதியிருந்த எழுத்து தெரிந்தது. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மிதிப்பது தெரிந்தது. மூன்றாம் வருஷம் வைகாசியில் வைரக்கண்ணு இருமிய இருமலில் ரத்தம் வந்து, தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் கந்தலாகிக் கிடக்கிறது, ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் பிழைக்கும், கத்தினால் அதோடு போய்விடும், அப்புறம் ஜென்மத்துக்கும் வராது என்றார்.

ஹெலன் கேள்விப்பட்டு மதகுக் கொட்டகைக்கே வந்தார். மூன்று வருஷத்தில் அவர் வகிட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு நரை.

"போதும்ணே. இனிமே கத்தாதீங்க."

"இன்னும் எரநூறு கெஜந்தான் தங்கச்சி இருக்கு."

"இருக்கட்டும். அவரு அங்கேயே வரட்டும். தெனம் பாக்குறேன்ல, அது போதும். அவருக்கு ஒண்ணும் ஆகலை, வேர்வைகூடக் காயலை. எனக்காக நீங்க ஊமையாப் போனா நான் அந்தக் கல்லுல எப்படி உக்காருவேன்?"

"ஒனக்காகன்னு யாரு சொன்னா? எஞ்சொல்லு. நான் விட்ட தண்ணி, எவன் வயல்ல நிக்குதோ அங்கேருந்து நாந்தான் வடிய வைக்கணும்."

"குரல் மொத்தமும் போயிட்டா அவரு வந்துருவாருன்னு என்னண்ணே நிச்சயம்? கூப்பிடவே ஆளில்லைன்னா தூரமே இல்லாமப் போயி, அவரும் இல்லாமப் போயிட்டா?"

வைரக்கண்ணு அதை யோசித்துப் பார்க்காமல் இல்லை. வாயைத் திறந்தார். 'அதெல்லாம் ஆவாது, வந்துருவாரு' என்று சொல்லத்தான் திறந்தார், அந்த ஊர் வாய்க்கு அது தானாக வரும். வரவில்லை. மூடிக்கொண்டார்.

ஆடியில் தண்ணீர் வந்தது. வந்த அன்றைக்குக் காலையில் வைரக்கண்ணு குளித்து, வேட்டியை மடித்துக் கட்டி, எல்லைக்கல் பக்கத்தில் போய் நின்று கையைக் குவித்தார். செங்கமலம் தடுக்கவில்லை, பாலும் கொண்டு வரவில்லை, ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து பின்னால் நின்றாள். அவர் கூப்பிட ஆரம்பித்தார். விட்டாச்சேய் என்றார், ஏழாம் மதகு விட்டாச்சேய், எட்டாம் மதகு விட்டாச்சேய் என்றார், செத்துப்போன லஸ்கர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பலகையை ஏற்றச் சொன்னார், கடைமடையில் காய்கிற வயல்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார், முப்பது வருஷத்தில் அந்த வழியாகப் போனவர்கள் வந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டார், தான் தூரம் சொல்லி அனுப்பிய ஆயிரம் பேரையும் கூப்பிட்டார், கல்யாணத்தன்றைக்குக் கூப்பிட்ட கெட்டி மேளத்தை மறுபடி ஒருமுறை கூப்பிட்டார், செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிடக் கூப்பிடக் குரல் தேய்ந்தது, தேயத் தேய வர்றவர் வந்தார், ஐம்பது கெஜம், முப்பது கெஜம், படித்துறை, அரளிச் செடி. மூன்றாம் நாள் காலையில் வைரக்கண்ணுவின் கூப்பாடு ஒரு முணுமுணுப்பாக ஆனபோது ஜெயசீலன் கைக்கு எட்டுகிற தூரத்தில் மிதித்துக்கொண்டிருந்தார்.

ஹெலன் கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் நீட்டினார், விரல் நுனிக்கும் மஞ்சள் சட்டைக்கும் நடுவில் ஒரு விரல்கடை, எவ்வளவு நீட்டினாலும் அந்த ஒரு விரல்கடை. சக்கரம் சுற்றியது, சரளை நறநறத்தது, மூக்கு நுனியில் அந்தத் துளி தொங்கியது. ஊர் நானூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெயசீலன் வைரக்கண்ணுவை நிமிர்ந்து பார்த்து, மதகில் கேட்ட அதே மரியாதையோடு கேட்டார்.

"ஐயா, இன்னும் எவ்வளவு தூரம்?"

வைரக்கண்ணுவின் தொண்டையில் இன்னும் ஒரு வார்த்தைக்குத்தான் இடம் இருந்தது, அது அவருக்கே தெரிந்தது. பின்னால் நானூறு வாயில் 'பக்கந்தான்' குறுகுறுத்தது. அவர் அந்த முகத்தைப் பார்த்தார். அந்த ஊர் தோன்றிய நாளிலிருந்து யாரும் சொல்லாததைச் சொன்னார்.

"தெரியாது தம்பி."

சொன்னதோடு குரல் போயிற்று, விளக்கை ஊதினாற்போல. சைக்கிளின் முன்சக்கரம் வந்து அவர் முழங்காலில் இடித்தது. மூக்கு நுனித் துளி கீழே விழுந்தது.

ஜெயசீலன் காலை ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றினார். "என்னத்துக்குங்க வழியெல்லாம் அப்படிக் கத்திக்கிட்டே இருந்தீங்க? காது வலிக்குது" என்றார். அப்புறம் பக்கத்தில் பார்த்தார். "ஹெலன்? நீ எங்க இங்க? தலையில என்னது, மாவா?"

ஹெலன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார், கசங்குகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? குலவை போட்டார்கள், கோயில் மணியை அடித்தார்கள், உப்பிலி மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரு டீ போட்டுக் கொடுத்தார், அறுபது கண்ணாடிகளும் கலங்கிப்போய் ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை. ஜெயசீலனுக்கு ஒன்றும் புரியவில்லை, இந்த ஊரில் வருகிறவர்களை இப்படித்தான் வரவேற்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டார். செங்கமலம் புருஷனின் தொண்டையை உள்ளங்கையால் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள். வைரக்கண்ணு சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, ஆனால் மூன்று வருஷத்தில் முதல் சிரிப்பு.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு, ஜெயசீலன் பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷங்க. மெயின் ரோடு இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

வைரக்கண்ணுவுக்குச் சுரீரென்றது. வாயைத் திறந்தார், வெறும் காற்று. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உப்பிலியின் வாயைப் பொத்த ஓடினார், பூசாரியின் வாயைப் பொத்த ஓடினார், கட்டிய பெண்டாட்டியின் வாயைப் பொத்த ஓடினார். பொத்துவதற்கு நானூறு வாய், இருப்பதோ இரண்டு கை. ஊர் முழுக்க, பூரித்த நெஞ்சோடு, ஒரு தண்ணீர்ச் செம்பை நீட்டுகிற அதே அன்போடு, நானூறு தொண்டையும் ஒரே தொண்டையாகச் சொல்லி முடித்துவிட்டது:

"தோ, கூப்பிடு தூரந்தான் சார்!"

அந்தச் சத்தம் மெயின் ரோடு இருக்கிற கிழக்குப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை மைல் போனது என்று அளந்தவர் யாரும் இல்லை.

கூட்டத்தில் வாயைத் திறக்காமல் நின்றது ஹெலன் ஒருவர்தான். அவர் மெதுவாகத் திரும்பி வைரக்கண்ணுவைப் பார்த்தார். வைரக்கண்ணு இரண்டு கையையும் விரித்தார்.

ஜெயசீலன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "நீ பஸ்ஸுல போ ஹெலன், நான் பின்னாலேயே வந்துடறேன்" என்றார்.

"வேணாம். ஏறாதீங்க, எறங்குங்க, தள்ளிக்கிட்டு வாங்க. இந்தத் தடவை நானும் கூடவே வர்றேன்."

"இவ்வளவு கிட்டத்துல இருக்கு, எதுக்கு நடந்து..."

"பேசிக்கிட்டே போலாம். நெறைய இருக்கு பேச."

டிபன் பாக்ஸை ஹேண்டில்பாரில் மாட்டி, ஒரு பக்கம் அவர் பிடிக்க மறு பக்கம் இவர் பிடிக்க, கிழக்கே இரண்டு பேரும் நடந்தார்கள். ஒரு கையால் அவர் சட்டையை ஹெலன் பிடித்தே இருந்தார். சின்னதானார்கள், இன்னும் சின்னதானார்கள், ஒரு புள்ளியானார்கள், அப்புறம் சின்னதாகவில்லை.

ஊர் கண்ணாடிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிழக்குப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, 'போறவங்க' என்று பெயர் வைத்தது. இரண்டு பேரும் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு போகிற மாதிரித்தான் தெரிகிறது என்று உப்பிலி சொல்வார். சனிக்கிழமைகளில் சைக்கிள்காரர்கள் வந்து ஏழாம் மதகில் காலை ஊன்றி, இன்னும் எவ்வளவு தூரம் ஐயா என்று கேட்பார்கள். வைரக்கண்ணு அவர்கள் மூக்கு நுனியைப் பார்ப்பார், இரண்டு கையையும் விரிப்பார், விரித்தபடியே கொஞ்ச நேரம் நிற்பார். பாவம், ஊமை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவர்கள், கரையில் ஆடு மேய்க்கிற ஊர்க்காரர் யாரிடமாவது போய்க் கேட்பார்கள்.